கடைத்தெருவில் பார்க்கிங் மீட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையோரத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் மீட்டர்களை நடும் வேலைக்குப் புதிதாக வரும் பொறியாளர்கள், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். மழைநீர் தேங்கும் இடத்தில் மீட்டரை நடுவது போன்றவற்றை ஒப்பந்ததாரரே சொல்லித் தருவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வசூல் எங்கே போகும் என்று சொல்லாமல் நடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். மீட்டர் வருகிறது என்றதும் வியாபாரிகள் கொதிப்பார்கள்: "கஸ்டமர் வரமாட்டாங்க சார்." ஒரு கடைத்தெருவில் ஷட்டர் தூக்கும் முன்பே போய் நின்று வண்டி எண்களைக் குறித்தோம். காலையிலேயே இடம்பிடித்த பைக்குகளில் பெரும்பாலானவை முதலாளிகளுடையவை, ஊழியர்களுடையவை. கடை சாத்தும்வரை அவை நகரவில்லை. வாடிக்கையாளர்தான் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தாளைக் காட்டியதும் கூட்டத்தில் பேச்சு அடங்கியது. அப்புறம் ஒரு பெரியவர் கேட்டார்: "சரி, வசூலாகிற காசு எங்க தெருவுக்கு வருமா?" மேடையில் பதில் இல்லை. பொதுக் கணக்கில் சேரும் என்று ஒருவர் முணுமுணுத்தார். நட்ட மீட்டர்களைக் கடைக்காரர்கள் சாக்குப் போட்டு மூடினார்கள். அத்தனை செலவும் வீண்.

கலிபோர்னியாவின் பாசடீனா நகரத்தில் 1993-இல் இதே சண்டை. பழைய பாசடீனா கடைவீதியிலும் சாலையோரத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள் கடைக்காரர்களும் ஊழியர்களும்தான். மீட்டர் வருமானம் அந்த வீதிக்கே செலவாகும் என்று நகர நிர்வாகம் உறுதி கொடுத்த பிறகே எதிர்ப்பு தணிந்தது. மணிக்கு 1 டாலர் கட்டணம். வரப்போகும் வசூலை வைத்து 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, நடைபாதைகளையும் சந்துகளையும் சீரமைத்தார்கள். காசு போட்டவர் அந்த நடைபாதையிலேயே நடந்து கடைக்குப் போனார்.

எனவே முதலில் தனிக் கணக்குக்கு நகர்மன்றத் தீர்மானம் வாங்குங்கள். மீட்டர் டெண்டர் அதற்குப் பிறகு.

எல்லாத் தெருவுக்கும் ஒரே கட்டணம்

எட்டு இடங்களில் ஒன்றாவது காலியாக இருக்கிற அளவுக்குத்தான் கட்டணம் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ 2011 முதல் தெருவுக்கும் நேரத்துக்கும் ஏற்ப அதை மாற்றிப் பார்த்தது. சில தெருக்களில் கட்டணம் இறங்கியது.

அபராதம் போட ஆளில்லாமல் தொடங்குவது

தொடங்காதீர்கள்.

நீண்ட குத்தகை

சிகாகோ 2008-இல் தன் மீட்டர்களை 75 ஆண்டுகளுக்குக் கொடுத்து 115 கோடி டாலர் வாங்கியது. இன்று சைக்கிள் பாதைக்காக ஓர் இடத்தை எடுப்பதானாலும், குத்தகைதாரருக்கு ஈடு கட்டுவதைக் கணக்கில் வைத்துத்தான் அந்த நகரம் முடிவெடுக்க வேண்டும்.