வெக்கை ஊரில் ஹெட்செட் பார்த்து வாங்குவது

கல்முனை பசாரில் என் ரிப்பேர் மேசைக்கு வரும் ஹெட்செட்டுகளில் சத்தம் சரியில்லை என்று வருபவை குறைவு. காதுப் பஞ்சு உரிந்தது, தலையில் மாட்டும் வளையம் வெடித்தது, வயர் அறுந்தது, பொத்தான் உள்ளே போய்விட்டது, இவைதான் அதிகம். இன்னொரு ரகமும் வரும். அதில் பழுதே இருக்காது. "நானா, காது நோகுது, இதுக்கு ஏதும் செய்யேலுமா?" என்று மேசையில் வைப்பார்கள். பெட்டியில் எழுதியிருந்த பேஸ் (கனத்த அடிச்சத்தம்), 7.1 சரவுண்ட், கலர் கலராக எரியும் லைட் எல்லாம் பார்த்து வாங்கியிருப்பார்கள். தலையில் போட்டு மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பார்க்கச் சொல்லும் ஒழுங்கு வேறு. முதலில் எடையும் பஞ்சும். மறுகா பொத்தான்கள். அதற்குப் பிறகு வயர். சத்தம் கடைசி. சத்தம் பிடிக்காவிட்டால் ஈக்குவலைசரில் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம், எடையைத் திருத்த ஏலாது.

எடை பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்காது, கம்பனியின் இணையப் பக்கத்தில் இருக்கும். கடைக்குப் போகமுன் பார்த்துக்கொள்ளுங்கள். லாஜிடெக் ஜி435 வெறும் 165 கிராம். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 254 கிராம். ஸ்டூடியோக்காரர்கள் விரும்பும் ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் 285. ஆப்பிளின் ஏர்பொட்ஸ் மேக்ஸ் 2020இல் வந்தபோது 385 கிராம் அளவில் இருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போடுகிறவர்கள் 300க்குக் கீழே நிற்பது நல்லது என்பது என் கணக்கு. ஆனால் எடையை மட்டும் பார்த்தும் பலனில்லை, அது தலையில் எங்கே இறங்குகிறது என்பதுதான் விசயம். வளையத்தின் அடியில் ஒரு துண்டுப் பஞ்சு மட்டும் நடு உச்சியில் முட்டிக்கொண்டு இருந்தால், பாரம் குறைந்த ஹெட்செட்டும் உச்சியைத் துளைக்கும். ஸ்டீல்சீரீஸ் ஆர்க்டிஸில் வருவதுபோல வளையத்துக்குக் கீழே தனியாக ஒரு இழுபடும் துணிப் பட்டி இருந்தால் பாரம் பரவி இறங்கும். கடையில் போட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள். கழற்றியதும் உச்சியை விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நோவு தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார்தான். சனம் குறைந்த நேரம் பார்த்துப் போனால் அவ்வளவு சுளிக்க மாட்டார். பெருநாள் சீசனில், வருசப்பிறப்புக்கு முதல் நாளில் போய் இந்த வேலை பார்க்க வேண்டாம்.

காதை அளந்து பார்த்தவர்கள் ஆரும் உண்டா? பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து காதின் மேல் நுனியிலிருந்து சோணை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்தைவிட, காதை மூடும் கிண்ணத்தின் உள் ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். வட்டக் கிண்ணத்தைவிட நீள்வட்டம் நமக்கு வசதி, காது வட்டமில்லையே. ஆழத்தையும் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய துணியில் காதின் மேல் மடிப்பு உராய்ந்தால், அரை மணித்தியாலத்தில் அந்த மடிப்பு சிவந்து எரியத் தொடங்கும். காது நோகுது என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு வருத்தம் இதுதான். கொஞ்சம் தடித்த பஞ்சு மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் பஞ்சு தடித்தால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இடைவெளி கூடி சத்தத்தின் குணமும் கொஞ்சம் மாறும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மாற்றுவேன்.

புதுசு இறுக்கிப் பிடிப்பது வழமை. வளையத்தின் உள்ளே இரும்புத் தகடு இருந்தால், உங்கள் தலையைவிடக் கொஞ்சம் அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, இரவில் அதன்மேல் மாட்டி வைக்கலாம். சில இரவுகளில் தளரும். முழுக்க பிளாஸ்டிக் வளையம் என்றால் இந்த விளையாட்டு வேண்டாம், அது தளராது, வெடிக்கும். தகடா பிளாஸ்டிக்கா என்று அறிய, அளவு கூட்டுவதற்கு வெளியே இழுங்கள். உள்ளிருந்து வரும் துண்டு இரும்பா என்று அங்கே தெரிந்துவிடும்.

இனி பஞ்சு. நம்முடைய பக்கத்தில் முழுக் கதையும் இதில்தான் கிடக்கிறது.

மலிவு ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் வருவது பொலியூரெத்தேன் பூசிய றெக்சின்தான். கையில் பிடிக்க மெத்தென்று, பார்க்கத் தோல் மாதிரியே இருக்கும். அதன் எதிரி ஈரப்பதம். காற்றிலிருக்கும் நீராவி அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைத்துவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவியும் வயலுமாக இருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் அது நடக்கக் கேட்கவா வேண்டும்? போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் உரியும். "நானா, இது புதுசு, ஒரு நாளும் போடல்ல" என்று சொல்லிக்கொண்டே காதெல்லாம் கறுப்புச் செதிலோடு வந்து நிற்பவர்கள் பொய் சொல்லவில்லை.

கச்சான் அடிக்கும் மாதங்களில் இன்னொரு பாடு. ஃபேன் போட்டாலும் சூட்டுக் காற்றுத்தான் வரும். றெக்சின் காற்றை விடாது. மூடிவைத்த சட்டி மாதிரி உள்ளே வெந்து, வியர்வை கழுத்துக்கு வழியும். துணிப் பஞ்சும் வெல்வெட் பஞ்சும் காற்றை விடும், உரியாது, வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். விலையாக நீங்கள் கொடுப்பது இரண்டு: பேஸ் கொஞ்சம் இறங்கும், வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். வீட்டில் தனி அறையில் இருப்பவர்களுக்கு இது நட்டமே இல்லை. ஒரே கூடத்தில் டிவியும் பிள்ளைகளும் இருந்தால் றெக்சின்தான் கைகொடுக்கும், அப்போது அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியதுதான். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 வந்தபோது பெட்டிக்குள்ளேயே றெக்சின் ஒரு சோடி, வெல்வெட் ஒரு சோடி என்று இரண்டும் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் எல்லோருக்கும் இருந்தால் என் மேசையில் பாதிக் கூட்டம் குறையும். எனக்குத்தான் வருமானம் போகும்.

பஞ்சை நீங்களே மாற்றலாம், என்னிடம் வரத் தேவையில்லை. பழைய பஞ்சின் வெளி ஓரத்தில் நகத்தை விட்டு ஒரு பக்கத்தைத் தூக்கினால், பின்னால் மெல்லிய உதடு போல ஒரு மடிப்புத் தெரியும். அந்த மடிப்புத்தான் கிண்ணத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தில் செருகியிருக்கும். மெதுவாக இழுத்தால் கழன்று வரும். சில மாடலில் பஞ்சு ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒட்டியிருக்கும், அதைத் திருகியோ கொக்கியை நெம்பியோ எடுக்க வேண்டும். எதுவானாலும் ஸ்க்ரூட்ரைவரைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே துணிக்குப் பின்னால் ஸ்பீக்கரின் சவ்வு கிடக்கிறது, ஒரு குத்துப் போதும். புதுப் பஞ்சை மாட்டும்போது கீழ்ப்பக்க மடிப்பை முதலில் பள்ளத்தில் விட்டு, ஒரு பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். காலாவதியான ஏடிஎம் கார்ட் ஒன்றின் மூலையால் மிச்ச மடிப்பை உள்ளே தள்ளிக்கொண்டே சுற்றி வாருங்கள். கடைசி இரண்டு அங்குலம் இழுபறியாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் தையல் பிரியும். விட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ளே போனதைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால் தானாக விழும். ஒரு பக்கம் தடிப்பாக இருக்கும் பஞ்சென்றால் தடித்த பக்கம் காதின் பின்பக்கம் வர வேண்டும். மாறிப் போட்டால் காதின் பின்னால் தலைக்கும் பஞ்சுக்கும் நடுவில் காற்றுப் போகும், பேஸ் காணாமல் போகும்.

தலைக்கு வைக்கும் எண்ணெயும் ஒரு எதிரி. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் வளையத்தை மாட்டினால் அது பஞ்சுக்குள் ஊறி, றெக்சின் பிசுபிசுத்து, கடைசியில் தையல் வழியாகப் பிளக்கும். எண்ணெயை விடச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. பழைய பருத்தி டீசேட் கையை வெட்டி வளையத்தில் உறையாகப் போடுங்கள், கிழமைக்கு ஒருதரம் கழுவுங்கள். துடைப்பதற்குப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். சனிட்டைசர் வேண்டவே வேண்டாம், றெக்சின் வெடித்துப்போகும்.

கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். சட்டத்தின் கால் மெல்லிசாக இருந்து பஞ்சு மிருதுவாக இருந்தால் சமாளிக்கலாம். தடித்த கால் என்றால், இறுக்கிப் பிடிக்கும் ஹெட்செட் பொட்டை நசுக்கிவிடும். தோடு போடுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் இருக்கும் சுரைதான் வில்லன், பஞ்சு அதைக் கழுத்துப் பக்கமாக அமத்தும். கூர்மையில்லாத சிறிய தோட்டை வேலை நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஸ்கார்ஃபுக்கு மேல் போடுகிற தங்கச்சிமார் நிறையப் பேர் வருகிறார்கள். வழுக்கும் துணியில் வளையம் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், அடியில் பருத்தித் தொப்பி போட்டால் நிற்கும். காதுக்கும் பஞ்சுக்கும் நடுவில் துணி மடிந்து கிடந்தால் பேஸ் ஒழுகும், மடிப்பை நீவிவிட்டு மாட்டுங்கள். கழற்றினால் தானாகப் பாட்டை நிறுத்தும் சென்சர் உள்ள மாடல் துணியால் குழம்பினால், ஆப்பில் அதை நிறுத்திவைக்கலாம்.

இதோடு சேர்ந்ததுதான் டச். கிண்ணத்தில் விரலை இழுத்து சத்தம் கூட்டுவது கடையில் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஸ்கார்ஃப் உரசினாலும் வியர்வைக் கை பட்டாலும் பாட்டு மாறும், கோல் கட்டாகும். நான் பொத்தான் கட்சி. பொத்தானைச் சோதிக்க ஒரே வழி: ஹெட்செட்டைப் போட்டு, கண்ணை மூடி, சத்தத்தைக் குறை, மைக்கை மூடு, நிறுத்து என்று கடைக்காரரையே சொல்லச் சொல்லுங்கள். விரல் தேடி அலைந்தால் அந்த வடிவமைப்பு சரியில்லை. பவர் பொத்தானும் சத்தப் பொத்தானும் ஒரே அளவில் ஒரே வரிசையில் இருந்தால், விளையாட்டின் நடுவில் ஓஃப் ஆகத்தான் செய்யும். சத்தத்துக்கு உருளும் சக்கரம், மைக்குக்கு வேறு வடிவப் பொத்தான், அல்லது மைக் தண்டை மேலே தூக்கினால் தானாக மூடுவது என்று இருந்தால் நல்லது. இந்தக் கடைசி ஏற்பாட்டை எனக்கு நல்ல விருப்பம். சூம் வகுப்பில் உம்மா சத்தம் போடுவது எல்லோருக்கும் கேட்டதா என்று சந்தேகப்படத் தேவையில்லை, தண்டு மேலே நின்றால் மூடியிருக்கிறது. சைட்டோன் என்று ஒரு வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே மெல்லக் கேட்கும், அப்போது நடுச்சாமத்தில் கத்திக் கதைக்க மாட்டீர்கள்.

பழைய மாதிரிச் சக்கரம் கரகரவென்றால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள், உள்ளே தூசி. வயரைக் கழற்றிவிட்டு, கொன்டக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் திரவம்) ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாறி மாறி உருட்டுங்கள். வயரின் நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டி தொங்கும் மாடலில், அந்தப் பெட்டியைச் சட்டைக் கொலரில் குத்தி வையுங்கள். அதன் பாரம் வயரை இழுத்து இழுத்துத்தான் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில் அறுக்கிறது. கழற்றி மாட்டும் வயர் என்றால் அறுந்தாலும் வயரோடு போகும், ஹெட்செட் தப்பும்.

வயரின் நுனியில் செருகும் பின் (ஜாக்) பற்றிச் சுருக்கமாக: உலோகத்தின் நடுவில் மூன்று வளையக் கோடு இருந்தால் மைக்கும் சேர்ந்தது, இரண்டு என்றால் பாட்டு மட்டும். கம்பியூட்டரில் பச்சையும் ரோசாவுமாக இரண்டு ஓட்டை இருந்தால் பிரிக்கும் வயர் ஒன்று வேண்டும். புளூடூத்தில் மைக்கைத் திறந்த உடனே பெரும்பாலான ஹெட்செட்டுகளில் பாட்டின் தரம் டெலிபோன் மாதிரி ஆகிவிடும், விளையாட்டில் துவக்கு வெடிக்கும் சத்தமும் பிந்தி வரும். விளையாடுகிறவர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள் (யூஎஸ்பி ஓட்டையில் செருகும் சின்னத் துண்டு) உள்ளதை வாங்குங்கள், அல்லது வயரோடு இருங்கள்.

ஃபேன் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இந்த வெக்கை ஊரின் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகக் குறையும். நொய்ஸ் கான்சல் உள்ள ஹெட்செட் ஃபேன், ஜெனரேட்டர் மாதிரித் தொடர்ந்து வரும் இரைச்சலை நன்றாக அடக்கும். அடுத்த வீட்டுக் கதையை அவ்வளவாக அடக்காது.

வைக்கும் இடமும் முக்கியம். வேனின் டாஷ்போர்டிலும் யன்னல் வெயிலிலும் வேண்டாம். மாரியில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சின்னச் சிலிக்கா பைகளோடு வையுங்கள், ஆனால் வியர்வை காய்ந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். வாங்கிய அன்றே மாடல் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் வளையத்தின் உள்பக்கம் எழுதியிருக்கும், எண்ணெயிலும் வியர்வையிலும் முதலில் அழிவதும் அதுதான். நம்பர் இல்லாவிட்டால் பஞ்சு எடுப்பிக்க அடிமட்டத்தோடு என் மேசைக்கு வர வேண்டிவரும்.