பிஎஃப் கணக்குப் போடுவது எப்படி: சதவீதத்துக்கு முன் ஊதியத்தைப் பாருங்கள்

பிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 12 சதவீதத்தைப் பெருக்குவதில் யாரும் தவறுவதில்லை. எந்தத் தொகையின் மேல் பெருக்குவது என்பதில்தான் தவறு நடக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதாமாதம் மூன்று ஊதியங்களை முடிவு செய்தாக வேண்டும்: பிஎஃப் ஊதியம், பென்ஷன் ஊதியம், இன்சூரன்ஸ் ஊதியம். மாதாமாதம் பிஎஃப் இணையதளத்தில் ஏற்றும் இசிஆர் கோப்பில் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பாதிப் பேருக்கு மூன்றும் ஒரே தொகையாக வருவதால், எல்லோருக்கும் அப்படியே இழுத்துவிடுகிறார்கள். பல ஆண்டு கழித்துப் பென்ஷன் விண்ணப்பம் திரும்பி வரும்போது அலைவது அந்தத் தொழிலாளி.

முதலில் விகிதங்கள். தொழிலாளி பங்கு 12 சதவீதம், முழுவதும் அவருடைய பிஎஃப் கணக்குக்குப் போகும். நிறுவனத்தின் பங்கும் 12 சதவீதம், அதில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்கு, மீதி பிஎஃப் கணக்குக்கு. இதற்கு மேல் நிறுவனம் மட்டும் கட்டுவது இரண்டு: இன்சூரன்ஸுக்கு 0.5 சதவீதம், நிர்வாகக் கட்டணம் 0.5 சதவீதம். ஆக, நிறுவனத்தின் செலவு 13 சதவீதம். பீடி, செங்கல், கயிறு, சணல் போன்ற சில தொழில்களுக்கும், 20 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கும் 12க்குப் பதில் 10 சதவீதம்.

பென்ஷனுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். 2014 செப்டம்பர் 1 முதல் இதுதான். எனவே பென்ஷன் பங்கு மாதம் 1,250 ரூபாயையும், இன்சூரன்ஸ் 75 ரூபாயையும் தாண்டாது. நிர்வாகக் கட்டணத்துக்கு இந்த வரம்பு கிடையாது. பிஎஃப் ஊதியம் எவ்வளவோ அவ்வளவின் மேல் வரும். ஆனால் ஒரு நிறுவனம் மாதம் குறைந்தது 500 ரூபாய் நிர்வாகக் கட்டணம் கட்ட வேண்டும். மொத்த பிஎஃப் ஊதியம் 80,000 என்றால் கணக்குப்படி 400 வரும், ஆனால் கட்ட வேண்டியது 500. சின்ன நிறுவனங்களில் சலானும் சம்பளப் பட்டியலும் ஒத்துப்போகாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த 100 ரூபாய்தான் காரணம்.

பிஎஃப் ஊதியத்தில் எது சேரும்?

பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) கட்டாயம் சேரும். வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம், போனஸ், கமிஷன் சேராது. சண்டை வருவது ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ போன்ற பெயர்களில்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி, மாதம் தவறாமல் கொடுக்கும் அலவன்ஸ் எந்தப் பெயரில் இருந்தாலும் அடிப்படை ஊதியமே என்று 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடுதல் உற்பத்திக்கோ கூடுதல் வேலைக்கோ சிலருக்கு மட்டும் தருவதாக இருந்தால்தான் வெளியே வைக்க முடியும், அதற்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இன்னொரு சோதனையையும் சேர்த்திருக்கின்றன. வாடகைப்படி, பயணப்படி என்று விலக்கப்படும் தொகைகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவு ஊதியத்தோடு சேரும். பேசிக் 8,000, வாடகைப்படி 7,000, பயணப்படி 5,000 என்று ஒருவருக்கு மொத்தம் 20,000 வருவதாக வைத்துக்கொள்வோம். விலக்கு 12,000, பாதி 10,000. தாண்டிய 2,000ஐச் சேர்த்தால் ஊதியம் 10,000. பேசிக்கைக் குறைத்து வைத்து பிஎஃப்பை மிச்சம் பிடிக்கும் பழைய வழி இனி ஓடாது. ஓடாமல் போனது நல்லதுதான், அந்த மிச்சம் தொழிலாளியின் முதுமைப் பணத்திலிருந்து எடுத்தது.

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்துக்கான டிஏ ஏப்ரல் 1 தோறும் மாறும். சம்பளத்தில் ஏற்றிவிட்டு பிஎஃப் ஊதியத்தில் ஏற்ற மறப்பது அடிக்கடி நடக்கிறது. ஏப்ரல் மாதக் கோப்பை மார்ச் கோப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு

பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 12,500 உள்ளவர்: தொழிலாளி பங்கு 1,500. பென்ஷன் 8.33 சதவீதம் 1,041.25, ரூபாயாக்கினால் 1,041. நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 1,500 − 1,041 = 459. இந்த மீதியை 3.67 சதவீதம் என்று தனியாகப் பெருக்காதீர்கள். 12,500க்கு 458.75, அது 459 என்று தற்செயலாக ஒத்துவரும். வேறு தொகைகளில் ஒரு ரூபாய் இடிக்கும். பென்ஷனைக் கண்டுபிடித்து, 12 சதவீதத் தொகையிலிருந்து கழிப்பதே முறை.

28,000 உள்ள, ஏற்கெனவே பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்: முழு ஊதியத்துக்கும் கட்டுவதென்றால் தொழிலாளி 3,360, பென்ஷன் 1,250, நிறுவனத்தின் பிஎஃப் 2,110, இன்சூரன்ஸ் 75, நிர்வாகக் கட்டணம் 140. பிஎஃப் ஊதியத்தையும் 15,000 வரம்போடு நிறுத்தினால் முறையே 1,800, 1,250, 550, 75, 75. இரண்டும் சட்டப்படி சரியே. முழு ஊதியத்துக்குக் கட்ட நிறுவனமும் தொழிலாளியும் சேர்ந்து கேட்க வேண்டும். தொழிலாளி மட்டும் விருப்பப்பட்டு 12 சதவீதத்துக்கு மேல் பிடிக்கச் சொல்லலாம். அதற்கு ஈடாக நிறுவனம் கூட்டிக் கட்ட வேண்டியதில்லை.

சம்பளமில்லா விடுப்பு வரும் மாதத்தில் ஒரு தவறு பல மென்பொருட்களிலேயே இருக்கிறது. பேசிக் 24,000, 30 நாள் மாதத்தில் 10 நாள் சம்பளமில்லை. ஈட்டியது 16,000. வரம்போடு கட்டும் நிறுவனத்தில் பிஎஃப் ஊதியம் 15,000 என்றே வர வேண்டும். மென்பொருளோ 15,000ஐயும் 20 நாளுக்குச் சுருக்கி 10,000 ஆக்கிவிடும். உச்சவரம்பு மாதத்துக்கானது, அதை நாள் கணக்கில் வெட்டக்கூடாது. முதலில் ஈட்டிய ஊதியத்தைக் கணக்கிட்டு, பிறகு வரம்போடு ஒப்பிட்டு, எது குறைவோ அதை எடுங்கள். ஈட்டியது 12,000 என்றால் 12,000 தான்: பங்கு 1,440, பென்ஷன் 1,000, மீதி 440. சம்பளமில்லாத 10 நாளை இசிஆர் கோப்பின் என்சிபி (பங்களிப்பு இல்லாத நாட்கள்) கட்டத்தில் போட மறக்க வேண்டாம்.

பென்ஷன் ஊதியம் பூஜ்யமாக வேண்டியவர்கள்

இரண்டு வகையினர். 58 வயது முடிந்தவர்களுக்குப் பென்ஷன் பங்கு நின்றுவிடும், 12 சதவீதமும் பிஎஃப்புக்கே. 14,000 வாங்குபவருக்கு இரு பக்கமும் 1,680, பென்ஷன் 0. இன்சூரன்ஸ் ஊதியம் 14,000 அப்படியே தொடரும்.

இன்னொரு வகை, 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதன்முதலாகச் சேரும்போதே 15,000க்கு மேல் வாங்கியவர்கள். இவர்களை பிஎஃப்பில் சேர்க்காமலே விடலாம். சேர்த்தால் பென்ஷன் பங்கு கிடையாது. ஆனால் 14,000க்குச் சேர்ந்து பின்னால் 30,000 ஆனவரும், முந்தைய வேலையில் பென்ஷன் உறுப்பினராக இருந்தவரும் இதில் அடங்க மாட்டார்கள். அவர்களுக்கு 1,250 தொடர வேண்டும். இன்றைய சம்பளத்தை மட்டும் பார்த்துப் பூஜ்யம் போட்டால், பென்ஷனுக்குத் தேவையான 10 ஆண்டு சேவையில் ஓட்டை விழும். சேரும் நாளிலேயே படிவம் 11ஐ (முந்தைய பிஎஃப் விவரங்களைச் சொல்லும் உறுதிமொழி) வாங்கி, பழைய யுஏஎன்னையும் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) முந்தைய பென்ஷன் உறுப்பினர் விவரத்தையும் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. பின்னால் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும்.

கட்டும் நாள்

அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். கோப்பை ஏற்றினால் மட்டும் போதாது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதோடு 2024 ஜூன் முதல் நிலுவையில் மாதம் 1 சதவீத அபராதத் தொகை. சர்வர் கடைசி இரண்டு நாள் திணறும், 10ஆம் தேதியை உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் தொழிலாளி பங்கைப் பிடிக்க மறந்துவிட்டால், அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துப் பிடிக்க முடியாது. தற்செயலான தவறு அல்லது எழுத்துப் பிழை என்று காட்டி, பிஎஃப் ஆய்வாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற்றால் மட்டுமே முடியும். இல்லையென்றால் இரண்டு பங்கையும் நிறுவனமே கட்ட வேண்டும்.