திரையில் தெரியும் காலி இடம் காலி இல்லை: எஃப்டி8-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டி, கீழக்கரை, பாம்பன் பக்கம் புதிதாக அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி எஃப்டி8-க்கு (கணினி வழியே 15 வினாடிச் சுற்றுகளில் மாறி மாறி அனுப்பிக் கேட்கும் முறை) வருகிறவர்களின் திரையைப் பார்த்தால், பழைய ஆட்கள் தொடக்கத்தில் செய்த தவறுகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. கணினிக் கடிகாரம், ஆடியோ அளவு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இங்கே பேச்சு எந்த இடத்தில், அதாவது ஒரே அலைவரிசைக்குள் எத்தனையாவது ஹெர்ட்ஸில், அனுப்புவது என்பது மட்டும்தான்.

தவறான சுற்றைப் பார்த்து இடம் பிடிப்பது

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறும் இதுதான்.

மாலையில் 14.074 மெகாஹெர்ட்ஸில் ஓர் ஐரோப்பிய நிலையம் 00, 30-ஆவது வினாடிகளில் சி.க்யூ (பொது அழைப்பு) கொடுக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 15, 45-இல் கூப்பிடுவீர்கள். அதே நிலையத்துக்காகக் காத்திருக்கும் மற்றவர்களும் 15, 45-இல்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் ரேடியோ அனுப்பிக்கொண்டிருப்பதால் அவர்களில் ஒருவரும் காதில் விழமாட்டார்கள். வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரைப் பகுதி) வருவது 00, 30 சுற்றுகள் மட்டுமே. அதில் 1300 ஹெர்ட்ஸ் கறுப்பாகக் கிடந்தால் ஆசையாகப் போய் உட்காருகிறார்கள். அதே 1300-இல் ஏற்கெனவே நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் கூப்பிட்டும் பதில் வராது. பழி ஆன்டெனா மேல் விழும்.

செய்ய வேண்டியது: அனுப்புவதை நிறுத்துங்கள். 15-இலிருந்து 30 வரை ஒரு முழுச் சுற்று கேளுங்கள், முடிந்தால் இரண்டு. அந்தச் சுற்றில் காலியாக இருக்கும் இடம்தான் கணக்கு. நாலைந்து அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் மறுபடி ஒரு சுற்று விட்டுப் பாருங்கள்.

அப்போதும் எல்லாரும் தெரிந்துவிட மாட்டார்கள். 14 மெகாஹெர்ட்ஸில் அலை மேலே போய்த் திரும்பி இறங்குமிடம் தொலைவில் இருக்கும். மதுரைக்காரரும் சென்னைக்காரரும் பெரும்பாலும் நடுவிலுள்ள மௌனப் பகுதிக்குள் சிக்கிவிடுவார்கள். உங்களுக்குக் கேட்காத அவர்களின் சிக்னல் ஐரோப்பாவில் உங்கள் சிக்னலோடு சேர்ந்தே கேட்கும். நம் கடற்கரைக்கு இன்னொரு தொல்லை உண்டு. மின்கம்பத்துப் பீங்கானில் உப்பு படிந்து பொரியும் இரைச்சலில் மெல்லிய சிக்னல்கள் மூழ்கி, ஆள் இருக்கும் இடமும் காலிபோலத் தோன்றும்.

இதற்கு, எந்த நிலையம் யாரைக் கேட்டது என்று காட்டும் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையதளம் உதவும். அந்தத் தொலைதூர நிலையமோ அதன் அக்கம்பக்கத்து நிலையமோ யாரை எந்த அலைவரிசையில் கேட்டது என்று பாருங்கள். 14.075320 என்றிருந்தால் 14.074-ஐக் கழியுங்கள், 1320 ஹெர்ட்ஸில் ஆள் இருக்கிறார். தகவல் சில நிமிடம் பழையது என்பது நினைவிருக்கட்டும்.

எதிராளியின் மேலேயே ஏறுவது

எஃப்டி8 மென்பொருளான டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸில் ‘ஹோல்ட் டிஎக்ஸ் ஃப்ரீக்’ (Hold Tx Freq) குறியிடாமல் சி.க்யூ மேல் இருமுறை கிளிக் செய்தால், அனுப்பும் இடமும் அங்கேயே நகர்ந்துவிடும். குறியிடாத எல்லாரும் அந்த ஒரே இடத்தில்தான் குவிவார்கள். குறியிடுங்கள்; ஷிப்டை அழுத்திக்கொண்டு வாட்டர்ஃபாலில் கிளிக் செய்து சிவப்புக் குறியை வேறிடத்தில் வையுங்கள்.

குறியை இடைவெளியின் நடுவில் வைப்பது

எஃப்டி8 சிக்னலின் அகலம் 50 ஹெர்ட்ஸ். திரையில் காட்டும் எண் நடுப்புள்ளி இல்லை, மிகத் தாழ்ந்த தொனி. 1300-க்கும் 1380-க்கும் இடையே காலி என்றால் 1340-இல் வைத்தால் 1390 வரை போய் அடுத்தவரை இடிப்பீர்கள். 1315-இல் வையுங்கள், 1365-இல் முடியும், இரு பக்கமும் 15 ஹெர்ட்ஸ் மிஞ்சும்.

ஓரத்துக்கு ஓடுவது

300-க்குக் கீழும் 2700-க்கு மேலும் பல ரேடியோக்களின் ஃபில்டர் வெட்டிவிடும்.

500, 600 ஹெர்ட்ஸில் அனுப்புவது

ஆடியோ சற்று மிகுந்தாலும் இரு மடங்கிலும் மும்மடங்கிலும் உங்கள் பிரதிகள் முளைக்கும்; 600-இல் அனுப்பினால் 1200-இலும் 1800-இலும். மென்பொருளின் ‘ஸ்பிளிட்’ அமைப்பை ‘ரிக்’ அல்லது ‘ஃபேக் இட்’ என்று வைத்தால், ரேடியோவுக்குள் போகும் ஆடியோ எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையிலேயே இருக்கும்.

ஃபாக்ஸ்–ஹவுண்டில் 1000-க்குக் கீழே கூப்பிடுவது

அரிய நிலையம் ஒன்று (ஃபாக்ஸ்) ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்ல, மற்றவர்கள் (ஹவுண்ட்) அதைக் கூப்பிடும் முறை இது. பழைய ஃபாக்ஸ் முறையில் 1000-க்குக் கீழே கூப்பிட்டால் பதிலே வராது. முதல் அழைப்பு 1000-க்கும் 4000-க்கும் இடையில். ஃபாக்ஸ் பதில் சொன்னதும் மென்பொருளே உங்களைக் கீழே நகர்த்தும்; அப்போது குறியைக் கையால் தொடாதீர்கள்.