வீட்டுக்கு காண்ட்ராக்ட் எழுதப் போறீங்களா? கையெழுத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

“சதுர அடிக்கு 2,400 ரூபாய், சாவியைக் கையில கொடுத்துருவேன் சார்” என்பார் காண்ட்ராக்டர். நீங்களும் தலையாட்டிவிட்டு அட்வான்ஸைக் கொடுத்துவிடுவீர்கள். அப்புறம் பேஸ்மட்டம் (வீட்டுத் தரை உயரம் வரையான அடித்தள வேலை) முடிந்ததும் ஒவ்வொன்றாக வரும்: சம்ப் தனி, செப்டிக் டேங்க் தனி, காம்பவுண்ட் தனி. தாளில் எழுதாதது எல்லாம் எக்ஸ்ட்ராதான்.

முதல் வேலை, ஆளைச் சரிபார்ப்பது. விசிட்டிங் கார்டில் ‘அரசு அங்கீகாரம் பெற்ற காண்ட்ராக்டர்’ என்று இருந்தால், எந்த அங்கீகாரம் என்று கேளுங்கள். தனியார் வீடு கட்டித் தருவதற்கென்று தமிழ்நாட்டில் கட்டாய லைசன்ஸ் தனியாகக் கிடையாது. பொதுப்பணித் துறையில் வகுப்புவாரியாகப் பதிவு செய்வது அரசு டெண்டர் எடுப்பதற்கு. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ 8 வீட்டுக்கு மேலோ கட்டி விற்கிறவர்களுக்கானது, உங்கள் சொந்த மனையில் கட்டும் வீட்டுக்கு அது வராது. நீங்கள் பார்க்க வேண்டிய பதிவுகள் வேறு: பிளானில் கையெழுத்துப் போடும் இன்ஜினியர் பதிவு பெற்றவரா, வயரிங் செய்கிறவரிடம் மின் உரிம வாரியத்தின் லைசன்ஸ் இருக்கிறதா, காண்ட்ராக்டருக்கு ஜிஎஸ்டி எண் உண்டா. இவற்றை எல்லாம்விட, அவர் மூன்று நான்கு வருடம் முன்னால் கட்டிய ஒரு வீட்டுக்கு அவரில்லாமல் போய் உரிமையாளரிடம் பேசுவதுதான் பெரிய சான்றிதழ் என்பேன்.

அடுத்து பிளான் அப்ரூவல். 2024-இல் வந்த சுயசான்றுத் திட்டத்தில் (விதிப்படி கட்டுவதாக நீங்களே உறுதி தருவது) 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ கட்டினால் ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது, அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அனுமதிக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் காண்ட்ராக்டில் ஒரு வரி எழுதுங்கள்.

இனி வேலையின் விவரம். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். லேபர் மட்டுமா, மெட்டீரியலோடா என்பது முதல் வரி. தனி வீட்டுக்கு வெறும் லேபர் காண்ட்ராக்ட் என்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு, மெட்டீரியலோடு என்றால் 18 சதவீதம், சொன்ன ரேட்டில் அது அடக்கமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சதுர அடியை எப்படி அளப்பார்? பால்கனி, போர்டிகோ, சன்ஷேட், மாடிப்படி ரூம் இதெல்லாம் முழுசா, பாதியா, கணக்கிலேயே இல்லையா? கடைக்கால், அதாவது அஸ்திவாரத்தின் ஆழத்தை விட்டுவிடாதீர்கள். மதுரை திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது ஐந்து அடி என்று பேசியது ஏழு எட்டு அடிக்குப் போகலாம், ஆகவே கூடுதலாகும் ஒவ்வொரு அடிக்கும் என்ன ரேட் என்று அன்றைக்கே எழுதிவிட்டால் குழிக்குள் நின்று சண்டை போட வேண்டியதில்லை. சிமெண்ட், கம்பிக்கு கம்பெனி பெயர், தளக் கான்கிரீட்டுக்கு குறைந்தது எம்20 என்கிற வலிமைத் தரம், டைல்ஸுக்கு சதுர அடி இத்தனை ரூபாய் வரை, ஒவ்வொரு ரூமுக்கும் எத்தனை ஸ்விட்ச் பாயிண்ட், இப்படி எழுதுங்கள். ‘நல்ல தரமான பொருள்’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான்.

பணம். வேலை முன்னால் போகணும், பணம் பின்னால் வரணும். அட்வான்ஸ் 5 அல்லது 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்), தளம், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று கட்டம் கட்டமாகப் பிரியுங்கள், லோன் என்றால் பேங்க் பணம் விடும் கட்டங்களோடு ஒத்துப்போகிற மாதிரி. கடைசி 5 சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு சுற்று பெய்து முடிந்து, தளம் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு தருவதாக எழுதுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

காலக்கெடுவைத் தேதியாகவே எழுதணும். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் கொத்தனாரும் சித்தாளும் வர மாட்டார்கள், அந்த நாட்களைக் கழித்தே தேதி கேளுங்கள். தாமதத்துக்கு வாரம் இவ்வளவு என்று ஒரு தொகை போடலாம், ஆனால் மலைக்கிற தொகை போட்டுப் பயனில்லை. ஒப்பந்தச் சட்டம் 74-ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகைக்குள் நியாயமான அளவைத்தான் கோர்ட் தரும்.

எல்லாம் பேசி முடித்ததும் 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, பிளானையும் பொருள் பட்டியலையும் பின்னால் இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்து, இரண்டு சாட்சி. பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள். நடுவில் ஏதாவது மாற்றினால் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அவரிடம் ‘சரி’ வாங்கிவிடுங்கள். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான், கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம், பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள். அங்கே முதலில் கேட்பது இந்தத் தாளையும் பேங்க் ரசீதையும்தான்.