டையமார்ஃபா: காய்ந்த குச்சி குப்பை அல்ல

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அரேபியா மவுண்டன், ஸ்டோன் மவுண்டன் போன்ற கிரானைட் பாறைகளில், மார்ச் கடைசியில் குழிக்குக் குழி சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும். அதுதான் டையமார்ஃபா. 10 செ.மீ. தாண்டாத செடி. அரிசிமணி போல நீர் கோத்த சிவந்த இலை, நான்கு இதழ் வெள்ளைப் பூ. அந்நாட்டின் தென்கிழக்கை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது.

பூப் பறிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத தவறுகள்தான் இதை அழிக்கின்றன.

காய்ந்த குழியில் கால் வைப்பது

ஏப்ரலோடு பூ முடிகிறது. கோடையில் மிஞ்சுவது பழுப்புக் குச்சிகளும் ஒரு பிடி மணலும். வெறும் மண்தானே என்று அதன்மேல் பையை வைக்கிறார்கள், உட்கார்கிறார்கள். வசந்தத்தில் பூவைச் சுற்றிக்கொண்டு பதமாக நடந்த அதே ஆட்கள், ஜூலையில் குழிக்குள்ளேயே நடக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு இதே கதை. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

இது ஓராண்டுச் செடி. மறுபடி துளிர்க்கக் கிழங்கோ வேரோ இல்லை. அடுத்த ஆண்டுக்கான விதை அந்தக் காய்ந்த குச்சியின் உச்சியில்தான், தூள் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொதிக்கும் பாறையைத் தொடாமல், கோடை முழுக்க அங்கேயே இருந்து பக்குவப்பட்டு, இலையுதிர்கால மழையில்தான் முளைக்கும். குப்பை பொறுக்க வந்தவர் ஒரு கைப்பிடி குச்சியை உருவினால், அந்தக் குழியின் அடுத்த ஆண்டே அவர் பையில் போய்விடுகிறது.

மண்ணும் வெறும் 2 முதல் 4 செ.மீ. ஆழம்தான். செருப்பு கிளறிவிட்டதை அடுத்த மழை அடித்துப் போய்விடும். ஆகவே எந்த மாதமானாலும் மொட்டைப் பாறையில் மட்டும் நடங்கள். படம் எடுக்கக் குழிக்கு வெளியே குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள்.

சுனையில் காலணி கழுவுவது

கூடாது. 1988 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் பூல் ஸ்ப்ரைட் செடி அந்தத் தண்ணீரில்தான் வாழ்கிறது.

ஆழமான தொட்டியில் விதைப்பது

தனியாக வளர்த்தால் ஆழமான மண்ணிலும் நன்றாகவே வரும். ஆனால் பக்கத்தில் வேறு செடி முளைத்துவிட்டால் இது தோற்றுவிடும். மற்றவை பிழைக்க முடியாத மெல்லிய மண்தான் இதன் பலம். தட்டையான தட்டில் 3 செ.மீ. கிரானைட் பொடிக்கல்லும் மணலும் போதும். விதையை மேலே தூவுங்கள், மூடாதீர்கள். முழு வெயில் வேண்டும். இலையுதிர்காலம் முதல் பூக்கும்வரை ஈரம் காயவிடாதீர்கள். உரம் வேண்டாம்.

விதையை ஃப்ரிட்ஜில் வைப்பது

கோடைச் சூட்டில்தான் விதையின் உறக்கம் கலையும். காகித உறையில் போட்டு, வெப்பமான உலர்ந்த இடத்தில் செப்டம்பர்வரை வையுங்கள்.

பாறையிலிருந்து பெயர்த்து வருவது

வேண்டவே வேண்டாம்.

எறும்பு மருந்து

தட்டில் எறும்பு ஊர்ந்தால் விட்டுவிடுங்கள். இந்தப் பூவுக்கு மகரந்தம் சுமப்பதே எறும்புதான்.