கோயிலுக்கு வருபவர்களுக்கு ஆராதனை, வர முடியாதவர்களுக்கு லைவ்: எப்படிச் செய்வது?

2020 ஊரடங்கில் எங்கள் கிறிஸ்தவ சபை ஆராதனையை யூடியூபில் காட்ட ஆரம்பித்தோம். கோயில் திறந்த பிறகும் அப்படியே தொடர்ந்ததில், நன்றாக நடமாடுகிறவர்களும் காபி டம்ளரோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதைச் சரிசெய்தபோது கற்றுக்கொண்டவை இவை.

படி 1: ஒரு நோட்டில், லைவ் யாருக்குத் தேவை என்று பெயர் எழுதுங்கள். படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள். எங்களுக்கு 17 வீடு வந்தது. நம் ஆராதனை நேரமான காலை 8.30 துபாயில் 7 மணி. 2022 முதல் அங்கே ஞாயிறு விடுமுறை என்பதால் நேரடியாகவே பார்த்துவிடுகிறார்கள். சவுதியில் ஞாயிறு வேலை நாள். அவர்களுக்காகப் பதிவை இரவு வரை விட்டுவைத்து, திங்கள் காலை எடுத்துவிடுகிறோம்.

படி 2: சேனல் தொடங்கி போன் எண்ணை உறுதிசெய்யுங்கள். முதல் தடவை லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். சனிக்கிழமை ராத்திரி இதற்கு உட்காராதீர்கள். போனிலிருந்தே லைவ் போக 50 சந்தாதாரர்கள் வேண்டும். வாலிபர் சங்கத்தில் சொன்னால் சேர்ந்துவிடும். 'அன்லிஸ்டட்' (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) என்று வைத்து, நோட்டில் உள்ள வீடுகளுக்கு மட்டும் லிங்க் அனுப்புங்கள்.

படி 3: சத்தம். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், சத்தத்துக்குப் பொறுக்க மாட்டார்கள். முதல் மாதம் எங்கள் லைவில் பிரசங்கத்தைவிட ஃபேன்தான் தெளிவாகக் கேட்டது. மைக்குகள் எல்லாம் சேரும் மிக்சரில், ஒலியைத் தனியாக வெளியே எடுக்கும் ஆக்ஸ் அவுட்டிலிருந்து போனுக்கு ஒயர் இழுங்கள். போனில் செருகும் பின்னில் மூன்று கறுப்புக் கோடு இருக்க வேண்டும். இரண்டு கோடு உள்ள சாதாரண ஒயரை போன் மைக்காக எடுத்துக்கொள்ளாது. ஆக்ஸை மிகக் குறைவாக வைத்து மெல்ல ஏற்றுங்கள், இல்லாவிட்டால் குரல் கரகரக்கும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். சபையார் பாடுவது மிக்சருக்குள் போவதில்லை. வீட்டில் கேட்பவருக்கு ஐயர் (போதகர்) தனியாகக் கீர்த்தனை பாடுவதுபோல இருக்கும், பாவம்! நடுவரிசைக்கு மேல் ஒரு மைக் தொங்கவிட்டு, மிக்சரில் அதன் ஃபேடரை (ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசையை) இறக்கிவையுங்கள். ஆக்ஸ் ப்ரீ-ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும்படி, இருந்தால் பாட்டு போனுக்கு மட்டும் போகும், ஸ்பீக்கர் கூவாது.

படி 4: போனை ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். வேத வாசிப்பின் நடுவே வரும் ஒரு போன் கால் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

படி 5: எதைக் காட்டக்கூடாது என்று ஐயரோடு பேசி முடிவெடுங்கள். ஜெபக் குறிப்பில் நோயாளியின் பெயரும் வியாதியும் வரும்போது ஒலியை நிறுத்துகிறோம். திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்வது) தொடங்கும்போது லைவை முடித்துவிடுகிறோம். அந்த வாரமே ஐயர், பக்கத்து ஊர்களில் இருக்கும் நோட்டு வீடுகளுக்குத் திருவிருந்து கொண்டுபோகிறார். இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 6: மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திருத்துங்கள். உடம்பு தேறியவர் வீட்டுக்கு லிங்க் போகாது, ஆள் போகும். எங்கள் நோட்டில் இப்போது 11 வீடு. மூன்று ஆச்சிகளுக்கு ஞாயிறுதோறும் ஆட்டோ வைத்திருக்கிறோம். ஆட்டோ வாடகை இன்டர்நெட் செலவைவிடக் கூடத்தான்.