‘பீஸ்ட்ஸ் ஆஃப் நோ நேஷன்’ படத்தைக் குழுவாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

கேரி ஜோஜி ஃபுகுனாகா இயக்கி 2015இல் வெளியான இப்படம், மேற்கு ஆப்பிரிக்காவில் பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டில் தந்தையையும் அண்ணனையும் பறிகொடுத்துக் கிளர்ச்சிப் படையிடம் சிக்கும் அகு என்ற சிறுவனின் கதையாகும். கொலையும் பாலியல் வன்முறையும் இடம்பெறுவதால் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே இதைத் திரையிட வேண்டும். என்னென்ன காட்சிகள் வரும் என்பதையும் அழைப்பிலேயே தெரிவித்துவிட வேண்டும். இலங்கைப் போரில் பிள்ளைகள் படையில் சேர்க்கப்பட்டதைத் தம் வீட்டிலேயே கண்டவர்கள் நம் அவையில் இருக்கக்கூடும் என்பதால், இந்த முன்னறிவிப்பை வெறும் சடங்காகக் கருதக் கூடாது.

நாட்டின் பெயர் இல்லாததால், ஆப்பிரிக்கா என்றாலே இப்படித்தான் என்ற தவறான எண்ணத்தோடு பார்வையாளர்கள் எழுந்து போய்விட வாய்ப்பு உண்டு. இதைத் தவிர்க்க, படத்துக்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி, லைபீரியாவையும் சியரா லியோனையும் வரைபடத்தில் காட்டிப் பேசுங்கள். 1989இன் இறுதியில் கிளர்ச்சித் தலைவர் சார்லஸ் டெய்லரின் படை லைபீரியாவுக்குள் நுழைந்ததையும், 1991இல் சியரா லியோனில் தொடங்கிய போர் வைரத்தை விற்று ஆயுதம் வாங்கியபடி 2002 வரை நீண்டதையும், அங்கே கிளர்ச்சியாளர்கள் மட்டுமன்றி அரசுத் தரப்பினரும் சிறுவர்களைப் போரில் இறக்கியதையும் சொல்லுங்கள். படப்பிடிப்பு நடந்த கானாவில் அத்தகைய உள்நாட்டுப் போர் நிகழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

படம் ஓடும்போது, ஒரு பிள்ளை எப்படிப் படையாளாக ஆக்கப்படுகிறான் என்பதையே பார்வையாளர்கள் உன்னிப்பாகக் கவனிக்கட்டும். இட்ரிஸ் எல்பா நடித்திருக்கும் தளபதி முதலில் அடித்து மிரட்டுபவராக மட்டும் வருவதில்லை. அநாதையான சிறுவனுக்குத் தகப்பன் போலப் பேசுகிறார், அவனைக் காக்கிறார், பாட்டும் சடங்குமாகத் தம் கூட்டத்தில் அவனுக்கு ஓர் இடம் தருகிறார். அதன் பிறகே அவன் கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்து, உயிருக்குக் கெஞ்சும் ஒருவரைக் கொல்லச் சொல்கிறார். அன்பும் அச்சமும் ஒரே கையிலிருந்து வருவதால்தான் அந்தப் பிடியிலிருந்து அவனால் விலக முடியவில்லை. தொடக்கத்தில் சிறுவர்கள் உள்ளே ஒன்றுமில்லாத தொலைக்காட்சிப் பெட்டியை வைத்து விளையாடும் பகுதியை யாரும் தவறவிடாமல், குறித்த நேரத்தில் தொடங்குங்கள். பின்னர் அவன் எதையெல்லாம் இழக்கிறான் என்பதை அளக்க அதுவே அளவுகோல். அகுவாக நடித்த ஆபிரகாம் அட்டா, அதுவரை நடித்த அனுபவமே இல்லாதவர். வெனிஸ் திரைப்பட விழாவில் இளம் நடிகருக்கான விருதை வென்றார்.

படம் ஏறக்குறைய முழுவதும் சிறுவர்களின் பக்கமே நிற்கிறது. கடத்தப்பட்டுச் சமையலுக்கும் சுமை தூக்கவும் கட்டாய ‘மனைவி’களாகவும் பயன்படுத்தப்பட்ட சிறுமிகளைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும். கிம் நுயென் காங்கோவில் எடுத்த ‘ரெபெல்’ (2012) ஒரு சிறுமியின் கதை என்பதால், அதை வேறொரு நாளில் திரையிடலாம்.

படம் முடிந்தவுடன் விவாதத்தைத் தொடங்காமல், பத்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். தானும் கொடிய செயல்களைச் செய்ததாக அகு இறுதியில் சொல்வதால், அவன் குற்றவாளியா என்ற கேள்வி உடனே எழும். அதைச் சட்டத்தின் துணையோடு அணுகுவது நல்லது. சியரா லியோன் கிளர்ச்சியாளர்களுக்கு உதவிய டெய்லருக்கு, சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் 2012இல் 50 ஆண்டுச் சிறை விதித்தபோது, சிறாரைப் படையில் பயன்படுத்தியதற்குத் துணைபோனதும் அவர்மீது நிரூபிக்கப்பட்ட குற்றங்களில் ஒன்று. சிறுவர்கள்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று அதே நீதிமன்றத்தின் அரசுத் தரப்பு வழக்கறிஞர் முடிவெடுத்திருந்தார்.

இதைவிடக் கடினமானது டொமினிக் ஓங்வென் வழக்கு. உகாண்டாவில் சிறுவனாக இருந்தபோது கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்ட அவர், வளர்ந்து அதே படையின் தளபதியாகி, பிற பிள்ளைகளைப் படையில் சேர்த்தார். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தது. கடத்தப்பட்ட அவரது இளமையைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக ஏற்றதே தவிர, குற்றத்திலிருந்து விடுவிக்கும் காரணமாக ஏற்கவில்லை. விவாதத்தில் பாதி நேரத்தையாவது இந்த வழக்குக்கு ஒதுக்கி, அகு தப்பாமல் அந்தப் படையிலேயே வளர்ந்திருந்தால் எந்த வயதிலிருந்து அவனைப் பொறுப்பாளியாகக் கொள்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.